‘எக்ஸ்பிளிசிட்லி’ கிளார்க்கம்மா

கிளார்க்கம்மாவின் கையில் அன்று மத்தியானம் இருந்த சம்மதப் படிவத்தில், நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவள் புருஷனின் பெயர் இருந்தது. செய்யப் போவது, வலது பாதத்தை எடுப்பது. நேரம், மறுநாள் காலை பத்து மணி. ‘செய்யாவிட்டால்’ என்ற இடத்தில் பெரிய டாக்டர் தன் கோழிக் கிறுக்கலில் ஒரே வரி எழுதியிருந்தார்: விஷம் மேலே ஏறும், உயிர் தங்காது. அதற்குக் கீழே மூன்று கோடுகள் காலியாக இருந்தன. நோயாளி தன் வாயால் சொன்னதை எழுதுவதற்கான கோடுகள் அவை. மனுஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

“அவன்கிட்ட போய் இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதே” என்றாள் நாத்தனார். புருஷனுக்குப் பத்து வயது மூத்த அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அந்த உரிமையை அவள் இன்றுவரை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. “புண்ணை சுத்தம் பண்ணப் போறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவனும் தலையாட்டிட்டான். அது போதும். கால் போகுதுன்னு தெரிஞ்சா கட்டிலை விட்டு எழுந்து ஓடிருவான். முதல்ல உயிர் பிழைக்கட்டும். எழுந்து பாத்து அழுதா அழுதுட்டுப் போறான், நாம இருக்கோம்ல?”

“அண்ணி, அது தப்பு.”

“தப்பு சரியெல்லாம் உன் மேஜையில வெச்சுக்கோ. இது என் தம்பி.”

பெரிய டாக்டரும் நாத்தனார் கட்சிதான். நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவர் அவர். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு அழுததில் வாசலோடு திரும்பிவிட்டார். “நம்ம வீட்டு ஆளு. நீங்களே சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கிடுங்க. உங்களுக்கு நான் கத்துக்குடுக்கணுமா?” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாயைத் திறக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடு என்பது கிளார்க்கம்மாவைக் கேட்டால் தெரியும். இரண்டாம் மாடி அறுவை சிகிச்சை வார்டில், மருந்து அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேஜை அவளுடையது. நாளைய ஆபரேஷன் பட்டியல் காலையிலேயே அங்கு வந்து சேரும். டாக்டர் வந்து விளக்கிவிட்டுப் போன பிறகு அவள் அட்டையும் படிவமும் இரண்டு பேனாவுமாகக் கட்டில் கட்டிலாகப் போவாள். இரண்டு பேனா எதற்கு என்றால், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் பேனா பாதி நேரம் திரும்பி வராது. நோயாளி தன் வாயால் சொன்னதை அந்த மூன்று கோட்டில் எழுதி, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்தோ கைரேகையோ.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் உடம்பில் கத்தி வைக்கலாமா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்கிற மனுஷன் நூற்றில் ஒருவர் தேற மாட்டார்.

“நீங்க பாத்து செய்ங்க” என்பார் ஒருவர்.

“நான் பாத்து செய்ய இது என்ன என் வீட்டு ஜன்னலா? உங்க வயிறு. கட்டியை எடுக்கலாமா, வேணாமா?”

“கடவுள் விட்ட வழி” என்பார் இன்னொருவர்.

“கடவுள் இந்தப் பக்கம் வந்து கையெழுத்து போட மாட்டாரு. நீங்க சொல்லுங்க.”

வேறு சிலருக்குப் பதில் சொல்வதற்கென்றே பக்கத்தில் ஆள் இருக்கும். “அவருக்கு சம்மதம்தான், எழுதிக்கோங்க” என்று பொண்டாட்டி சொல்வாள். புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். “வலி உங்களுக்காம்மா? இல்லையில்ல? அப்ப கொஞ்சம் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவாள். பூம்பூம் மாடு மாதிரி தலையை மட்டும் ஆட்டுகிற கூட்டம் தனி. அவர்களிடம்தான் அவள் அதிக நேரம் உட்காருவாள். “தலை ஆடினா எழுத எனக்கு எழுத்து இல்லைங்க. வாய்விட்டு சொல்லுங்க.”

சொன்னதைச் சொன்னபடியே எழுதுவாள், ஒரு எழுத்துத் திருத்த மாட்டாள். ஒரு படிவத்தில், ‘எடுத்துத் தொலைங்க, ஆனா வலிச்சா டாக்டரை சும்மா விட மாட்டேன்’ என்று இருந்தது. பெரிய டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் அதைப் படித்துவிட்டு, மயக்க மருந்து டாக்டரிடம் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கச் சொன்னாராம். இன்னொன்றில், ‘என் மருமக கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்னு ஒத்துக்கறேன்’ என்று இருந்தது. மருமகள் அதைப் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

படிவத்தின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி உண்டு. நோயாளி எக்ஸ்பிளிசிட்லி சம்மதித்தாரா? ஆம், இல்லை. அவள் தினம் பத்து தடவை உச்சரிக்கும் அந்த வார்த்தையே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நர்சுகள் அவளை ‘எக்ஸ்பிளிசிட்லி’ என்பார்கள். முன்னாலும் சீண்டுவார்கள். “அக்கா, எனக்கு எக்ஸ்பிளிசிட்லி ஒரு டீ வேணும்” என்பாள் ஒருத்தி.

“டீ வேணும்னு நீ வாயால சொன்னாலே அது எக்ஸ்பிளிசிட்லிதான்டி. அதுக்கு மேல அந்த வார்த்தை எதுக்கு? சொல்லாம காலி டம்ளரை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டினா, அதுக்குப் பேர் இம்ப்ளிசிட்லி. நீ தினம் பண்றது அதுதான்.”

சிரிப்பு ஓயும். ஆனால் அந்த வார்த்தையை அவள் எங்கே, என்ன விலை கொடுத்துக் கற்றாள் என்பது சிரிக்கிற சங்கதி இல்லை. அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அப்போது படிவத்தில் மூன்று கோடும் கிடையாது, ஆங்கிலக் கேள்வியும் கிடையாது. ‘சம்மதம்’ என்று அச்சடித்திருக்கும், பக்கத்தில் ஒரு ‘சரி’ போட்டால் முடிந்தது. துணி தைக்கும் கம்பெனியில் பொத்தான் வைக்கிற ஒரு பெரியம்மா, வலது கையில் புண் முற்றி வந்து படுத்திருந்தாள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும். கிளார்க்கம்மா அன்று பதினாலு பேருக்குப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. கடகடவென்று படித்தாள். பெரியம்மா தலையாட்டினாள். மகன்கள் இரண்டு பேரும் “சரிதான் மேடம், சரிதான்” என்றார்கள். ‘சரி’ போட்டாயிற்று.

பெரியம்மாவுக்குக் காது கேட்காது. “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டதற்கும் அவள் தலையைத்தான் ஆட்டினாள். அதைக் கிளார்க்கம்மா கவனித்தாள். கவனித்துவிட்டு, அவசரத்தில் அடுத்த கட்டிலுக்குப் போனாள். இது அவள் நெஞ்சில் இன்றும் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

ஆபரேஷனுக்கு மறுநாள் கட்டைப் பிரித்தபோது பெரியம்மா போட்ட கூச்சல் இரண்டு மாடிக்குக் கேட்டது. “யாரைக் கேட்டு எடுத்தீங்க? என் விரலை எடுக்க யாரைக் கேட்டீங்க?” எடுத்தது தப்பில்லை என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். அவள் கேட்டதோ வேறு கேள்வி.

விசாரணை வைத்தார்கள். நீள மேஜை, மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார், அந்தப் பெண் எக்ஸ்பிளிசிட்லி சம்மதித்தாரா என்று. கிளார்க்கம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. நீளமான வார்த்தை, நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்து, “எஸ் சார்” என்று தலையாட்டினாள். எழுதிக்கொண்டார்கள். விசாரணை அத்தோடு முடிந்தது, தப்பித்தாள்.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் கேட்டாள், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று. அவர் டவுன் பஸ் டிரைவர். “பாக்கலாம்” என்றார். அவருடைய அகராதியில் மொத்தமே அந்த ஒரு வார்த்தைதான். பொண்ணு பிடிச்சிருக்கா என்று கேட்டபோதும் பாக்கலாம், வீடு மாறலாமா என்றாலும் பாக்கலாம், சாம்பாருக்கு உப்பு போதுமா என்றாலும் பாக்கலாம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள். பெரிய அகராதியைச் சங்கிலி போட்டு மேஜையோடு கட்டியிருந்தார்கள். அந்தத் தடியனை யார் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

வெளிப்படையாக, ஐயத்துக்கு இடமின்றி, சொற்களால் சொல்லி. அடியிலேயே அதற்கு எதிர்ச்சொல்லும் இருந்தது. இம்ப்ளிசிட்லி: சொல்லாமலே பெறப்படும்படி.

அவள் நின்றபடியே படித்தாள். இந்த இரண்டாவதற்கு நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றியது. இலைமறை காயாக, ஜாடைமாடையாக, பட்டும் படாமலும், சொல்லாமல் சொல்லி. முதலாவதற்கு என்ன இருக்கிறது? போட்டு உடைப்பது, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இரண்டிலும் சண்டை வாடை. வெளிப்படையாக என்றால் மறைக்காமல்; பெரியம்மா எதையும் மறைக்கவில்லை. தெளிவாக என்றால் குழப்பமில்லாமல். அவள் தலையாட்டியதும் தெளிவாகத்தான் இருந்தது. இந்த வார்த்தை கேட்பது அதையெல்லாம் இல்லை. கேட்கிறவன் தன் கையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்ள ஒரு இண்டு இடுக்குகூட விடாமல், சொல்ல வேண்டியவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்ததா என்று கேட்கிறது. வாய்விட்டுச் சொன்னாளா? சொல்லவில்லை. தனக்குப் புரியாத ஒன்றுக்கு அந்தம்மா தலையாட்டினாள். அதே மாதிரி தனக்குப் புரியாத ஒன்றுக்கு நானும் இன்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தபோது கிளார்க்கம்மாவுக்கு அங்கேயே வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த அதிகாரியின் அறை வாசலில் நின்றாள்.

“சார், நேத்து நீங்க கேட்ட வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாமலே ஆமான்னுட்டேன். இப்ப தெரியும். அந்தம்மா எக்ஸ்பிளிசிட்லி சம்மதிக்கல. ஒரு வார்த்தை வாயைத் திறக்கல. நான்தான் எழுதினேன்.”

“முடிஞ்சு போனதை ஏம்மா கிளர்றீங்க? உங்களுக்குத்தான் கெடுதல்.”

“கெடுதல்தான் சார். எழுதிக்கோங்க.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரியே பேசியது. அவளைத் தரைக்குக் கீழே இருந்த பழைய ஏட்டு அறைக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் அங்கே தும்மிக்கொண்டே வேலை பார்த்தாள். தும்மலுக்கு நடுவில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாள். படிவத்தில் நோயாளியின் வார்த்தையை எழுத மூன்று கோடு வேண்டும், அந்தக் கேள்வியும் வேண்டும் என்று ஒரே விஷயத்தை எழுதி எழுதி, பதினோராவது கடிதத்துக்குப் பதில் வந்தது. இவளைக் கீழேயே வைத்திருந்தால் கடிதம் நிற்காது என்று பயந்துதான் கோடு போட்டுக் கொடுத்து மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று நர்சுகள் சொல்வார்கள். இருக்கலாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

அப்பேர்ப்பட்டவள்தான் இப்போது புருஷனின் படிவத்தை வைத்துக்கொண்டு வராந்தா ஜன்னலோரம் நின்றாள்.

டிரைவர் கட்டைவிரல் புண்ணை ஏழு வாரம் பூட்ஸுக்குள் மறைத்து வைத்திருந்தார். சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம். வலது கால், பிரேக்கும் அந்தக் கால்தான், ஆக்சிலேட்டரும் அந்தக் கால்தான். சர்க்கரை உடம்பு, வலியும் தெரியவில்லை. அவளாகக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்தபோது பாதி பாதம் கறுத்துவிட்டிருந்தது. அவருக்கு வண்டிதான் எல்லாம் என்பது அவளுக்குத் தெரியும். கால் இல்லாமல் இருப்பதைவிடப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிற ஆள்தான் என்பதும் தெரியும். கேட்டால் அதைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் அவள் இன்னும் வராந்தாவைத் தாண்டவில்லை.

ஜன்னல் விளிம்பில் அட்டையை வைத்தாள். முதல் கோட்டில், ‘பாதத்தை எடுத்து’ என்று எழுதினாள். எவ்வளவு சுலபமாக இருந்தது! புருஷன் பேச்சு மாதிரியே இன்னும் ரெண்டு வார்த்தை போட்டால் யார் கண்டது? நாத்தனார் சொன்ன மாதிரி, சுத்தம் பண்ண என்று சொல்லி நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். உயிரோடு இருப்பார். உயிரோடு இருந்தால் போதாதா?

காப்பாற்றுவதற்காகத்தானே அந்தப் பெரியம்மாவின் விரலையும் எடுத்தார்கள். இந்த நினைப்பு வந்ததும் படிவத்தை நாலாகக் கிழித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கிழித்த முதல் படிவம் அது. மேஜைக்குப் போய்ப் புதிது ஒன்று எடுத்துக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பதினேழாம் கட்டிலுக்கு நடந்தாள்.

டிரைவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் பக்கத்து ஸ்டூலில் காவல் இருந்தாள்.

“என்ன, நாளைக்கு சுத்தம் பண்றாங்களாமே?” என்றார் அவர்.

“சுத்தம் பண்றது இல்லைங்க. வலது பாதத்தை எடுக்கணும். கணுக்கால் வரைக்கும்.”

“அடிப்பாவி!” என்று எழுந்தாள் நாத்தனார். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளார்க்கம்மா நிறுத்தவில்லை. எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்தால் என்ன ஆகும், கட்டைக்கால் வைத்து நடக்க எத்தனை மாதம் ஆகும், பஸ் ஓட்ட முடியாது என்பது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “பாக்கலாம்” என்றார்.

“இல்ல. இன்னைக்கு அது செல்லாது. எடுக்கலாமா, வேணாமா?”

“நீ என்ன சொல்றியோ அதான்.”

“என் கால் இல்ல அது.”

“டாக்டர் பாத்து செய்யட்டும்.”

“டாக்டர் காலும் இல்ல.”

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவர் வாயிலிருந்து வார்த்தை வருவதை அவள் இப்போதுதான் பார்த்தாள். “வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவே?”

“வேணாம்னு எழுதுவேன்.”

“செத்துருவேன்ல?”

நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கிளார்க்கம்மா அவர் கண்ணைப் பார்த்தே “ஆமா” என்றாள். “ரெண்டு மூணு வாரம்னு சொல்றாங்க.”

அவர் அவளையே பார்த்தார். “ஊர்ல இருக்கிறவன் வாயையெல்லாம் திறக்கறே. உனக்கு என்ன வேணும்னு நீ இதுவரைக்கும் சொன்னியா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னிக்காவது சொல்லிருக்கியா? நீ சொல்லு முதல்ல.”

கேட்கிறவள் தன் விருப்பத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் நோயாளி அந்தப் பக்கம் சாய்வார். அது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஆனால் அவர் கேட்டது கிளார்க்கை இல்லை, பொண்டாட்டியை. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எலும்பு வார்டு கிளார்க்கை அழைத்துக்கொண்டு வந்தாள். எழுதுவது முத்து முத்தாக இருந்தாலும் ஒரு வரிக்கு அரை நாள் எடுத்துக்கொள்வார் என்பதால் அவருக்கு ‘நத்தை’ என்று பெயர். அட்டையையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தாள்.

“இவருக்கு நீங்கதான் எழுதணும். நான் இங்க வீட்டு ஆளு.”

அப்புறம் கட்டிலின் இந்தப் பக்கம் வந்து, புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“எனக்கு நீங்க வேணும். கால் இருந்தாலும் வேணும், இல்லாட்டியும் வேணும். வண்டி ஓட்ட முடியாம வீட்ல உக்காந்து என்மேல எரிஞ்சு விழுவீங்க, எனக்குத் தெரியும். அதோடயும் வேணும். நீங்க இல்லாம அந்த வீட்டுக்குள்ள போறதை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு. இதை நான் எப்பவோ சொல்லிருக்கணும், சொல்லல, என் தப்பு. ஆனா கால் உங்களுது. வேணாம்னு நீங்க முடிவு பண்ணா, உங்களுக்குப் பதிலா நான் மாத்தி சொல்ல மாட்டேன். பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.”

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நத்தையைப் பார்த்து, “எழுதுங்க சார்” என்றார்.

நத்தை எழுதினார். அவர் எழுதி முடிக்க முடிக்க, டிரைவர் ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுப்பது போலச் சொன்னார். ‘எனக்குப் பயமா இருக்கு. இருந்தாலும் பாதத்தை எடுத்துக்கோங்க. கணுக்காலுக்கு மேல போகணும்னா என்னை எழுப்பி என்கிட்ட கேக்கணும். எங்க அக்காகிட்ட இல்ல. என் பொண்டாட்டிகிட்டயும் இல்ல.’ மூன்று கோடு போதவில்லை. ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. நத்தை படித்துக் காட்டினார். டிரைவர் “அதேதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் எழுந்து வெளியே போனாள். அன்று முழுக்கக் கிளார்க்கம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்து, லேசாகத் தூங்கவும் மருந்து கொடுப்பார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே மர பெஞ்சில் நாத்தனார் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பைகளை வைத்திருந்தாள். கிளார்க்கம்மா சுவரோரம் நின்றாள்.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. பெரிய டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

“நாங்க நினைச்சதுக்கு மேல போயிருக்கும்மா. கணுக்காலோட நிறுத்தினா மறுபடியும் ஏறும். முழங்காலுக்குக் கீழ வரைக்கும் எடுத்துட்டா ஆள் பிழைச்சுக்குவார். தூங்கிட்டிருக்கார். எழுப்பணும்னா மருந்தை நிறுத்தி, தெளிய விட்டு, அஞ்சாறு நிமிஷம் ஆகும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நேரா உள்ள போயிருவேன்.”

“சரின்னு சொல்லுடி!” நாத்தனார் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “உனக்குப் புண்ணியமாப் போகும், சொல்லு!”

“அந்த அஞ்சாறு நிமிஷத்துல உயிருக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?”

“ஆகாது.”

‘சரி’ என்பது அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் உடம்பு முழுவதும் கெஞ்சியது.

“அப்ப அவரை எழுப்பிக் கேளுங்க.”

“கேட்டு, வேணாம்னுட்டா?”

“வேணாம்னா வேணாம்தான் டாக்டர்.”

டாக்டர் முகமூடியை ஏற்றிக்கொண்டார். கோபமா மரியாதையா தெரியவில்லை. உள்ளே போய்விட்டார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு பெஞ்சில் விழுந்தாள். “கொன்னுட்டா, என் தம்பியைக் கொன்னுட்டா” என்று முனகிக்கொண்டே இருந்தாள். கிளார்க்கம்மாவுக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தாள். தரையில் எத்தனை ஓடு இருக்கிறது என்று எண்ணினாள். பாதியில் எண்ணிக்கை தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

கதவு திறந்தது. டாக்டர் முழுக்க வெளியே வரவில்லை. இரண்டு கையையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

“எழுப்பினேன், நல்லாத் தெளிய வெச்சு சொன்னேன். ‘வெளிய என் வீட்டுக்காரி என்ன சொன்னா?’ன்னு கேட்டார். ‘உங்களைத்தான் கேக்கணும்னுட்டாங்க’ன்னேன். அப்புறம், ‘அவ எனக்காக சரின்னு சொல்லிருந்தா நான் வேணாம்னு சொல்லிருப்பேன் டாக்டர். முழங்கால் வரைக்கும் எடுங்க, நான் உயிரோட இருக்கணும்’னார்.”

கதவு மூடிக்கொண்டது.

கிளார்க்கம்மா சுவரோரமே நின்றாள். நாத்தனார் பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உக்காரு.”

உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆகி இங்க கொண்டாந்து போட்டா, என் பசங்க என்ன சொன்னாலும் நீ கேக்காதே. என்னைத்தான் கேக்கணும். சொல்லிட்டேன்.”